முன்பக்கத்து மூட்டைகள்

போன வாரம் சரவணன் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். ஏதோ ஒரு நெடுஞ்சாலையில் கோழி ஏற்றிவந்த லாரி கவிழ்ந்து கிடக்கிறது. சனங்கள் ஆளுக்கு இரண்டு கோழியைக் காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் ஓடுகிற வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. மூட்டுவலியை வைத்துக்கொண்டு நான் வாசல் வரைக்கும் போவதே பெரிய காரியம். வீடியோவுக்குக் கீழே சரவணன் எழுதியிருந்தான்: “உலகம் கெட்டுப்போச்சுண்ணா.”

தொப்பூர் கணவாயில் நான் ஓட்டிக்கொண்டிருந்த மீட்பு கிரேனை இப்போது ஓட்டுகிறவன் அவன்தான். கவிழ்ந்த லாரி, பஸ், கார் எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவதும் உள்ளே சிக்கியவர்களை வெளியே எடுப்பதும் எங்கள் வேலை. அங்கே இப்போது புதுப் பாதை போடுகிறார்கள். அது வந்துவிட்டால் விபத்தே இருக்காது என்கிறார்கள், இருக்காமலே போகட்டும். வீடியோவைப் பார்த்த கையோடு அவனுக்குப் போன் செய்தேன்.

“நீங்களே சொல்லுங்கண்ணா. ஆயுசு முழுக்கக் கணவாய்ல கெடந்தீங்க. மனுசனுங்க நல்லவனுங்களா, கெட்டவனுங்களா?”

“காலைல சாப்ட்டியா?”

“பேச்ச மாத்தாதீங்க.”

போனில் சொல்கிற பதில் இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். “எழுதறீங்களா, நீங்களா?” என்று சிரித்தான். என் கையெழுத்தை அவன் பார்த்திருக்கிறான். அதனால் என் மருமகள் தட்டச்சு செய்ய, நான் சொல்லச் சொல்ல இது வளர்கிறது. நடுவில் அவள் திருத்தினால் அது என் குற்றம் அல்ல.

எங்கள் ஊர் பென்னாகரத்தைத் தாண்டி. வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ். சந்தையில் இரண்டும் கலந்து பேசுவோம், சண்டை என்று வந்தால் தமிழ்தான். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது. கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போனேன். பிறகு ஒரு முதலாளியின் கிரேனில் சேர்ந்தேன். முதல் வருடங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சங்கிலி சுமந்தேன், கிரீஸ் பூசினேன், திட்டு வாங்கினேன்.

எங்களுக்கு மேஸ்திரி அந்தோணிசாமி. கடத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். எல்லோருக்கும் அவர் சாமியண்ணன். ஒல்லியான ஆள், தாழ்ந்த குரல். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. கிரேன் வேலையில் இது அதிசயம். இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே எங்கள் தொழிலில் பாதிப் பேருக்குத் தொண்டை போய்விடும். சாமியண்ணன் கையை மட்டும்தான் காட்டுவார். உள்ளங்கை மேலே போனால் தூக்கு, விரல் மடங்கினால் மெதுவாக, முஷ்டி என்றால் நிறுத்து. அந்த முஷ்டியை மீறி ஒரு இம்மி கொக்கி அசைந்தாலும் அன்றைக்கு அவர் நம்மோடு சாப்பிட மாட்டார். அதுதான் அவர் கொடுக்கிற தண்டனை. அது எவ்வளவு வலிக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. துவைத்து மடித்த ஒரு வெள்ளைச் சட்டையை கிரேனுக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருப்பார். உள்ளே ஆள் சிக்கியிருக்கிறார் என்று தெரிந்தால், கறை படிந்த காக்கியைக் கழற்றிவிட்டு அதை மாட்டிக்கொண்டுதான் பக்கத்தில் போவார். “அடிபட்டுக் கெடக்கறவன் கண்ணத் தொறந்தா அழுக்கா முன்னாடி நிக்கறது? ஒறவுக்காரன் வந்த மாதிரி இருக்கணும்,” என்பார். வாரத்தில் எத்தனை முறை அந்தச் சட்டையை அவர் மனைவி துவைத்தார் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பாவமாக இருக்கும்.

விபத்து நடந்த இடத்துக்குப் போனதும் நாங்கள் கொக்கியை மாட்டிவிட மாட்டோம். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுவோம். டீசல் ஒழுகினால் மண்ணைக் கொட்டுவோம். வண்டி நகராமல் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுப்போம். அதன் பிறகு சாமியண்ணன் தனியாக வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். அவர் சுற்றி முடிக்கும்வரை யாரும் எதையும் தொடக் கூடாது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, எதை எடுத்தால் எது சாயும் என்று பார்க்கிறார் என்பது எனக்கு நாளாவட்டத்தில் விளங்கியது.

வேறெந்த கிரேனிலும் நான் கேள்விப்படாத ஒரு வேலையும் எங்களிடம் இருந்தது. அதற்குப் பேச்சு வேலை என்று பெயர். வண்டிக்குள் யாராவது உயிரோடு சிக்கியிருந்தால், எங்களில் ஒருவர் அவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சங்கிலியைத் தொடக் கூடாது, கட்டை தள்ளக் கூடாது. அவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஊர், பேர், பிள்ளைகள், ராகி விலை, சினிமா என்று எதையாவது பேசலாம். அவர் கால் எப்படி இருக்கிறது, வண்டி எப்படி நசுங்கியிருக்கிறது என்பதை மட்டும் பேசக் கூடாது. கணவாயில் இறங்குகிற ஓட்டுநர்களில் கர்நாடகத்துக்காரர்கள் அதிகம் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. எனக்கும் வாய் நீளம். நாலு ஆளுக்குச் சம்பளம் கொடுத்து ஒருத்தனைச் சும்மா உட்கார வைப்பதா என்று ஒருமுறை முதலாளி கேட்டார்.

“மாதையன் சும்மா இல்லீங்க. நாங்க வண்டியப் பாத்துக்கறோம், அவன் ஆளப் பாத்துக்கறான்,” என்றார் சாமியண்ணன்.

சரவணா, கெட்டதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதே. ஒருமுறை ஒரு கார் சென்டர் மீடியனில் மோதி, உள்ளே ஒரு பெண் மயங்கிக் கிடந்தார். பின்னால் வந்த காரிலிருந்து இஸ்திரி கலையாத சட்டையோடு ஒருவர் இறங்கி ஓடிவந்தார். நாடி பார்க்கிறேன் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தார். சரி, படித்தவர், தெரிந்தவர் என்று நாங்களும் வழி விட்டோம். அவர் போன பிறகு பார்த்தால் அந்தக் கையில் வளையல் இல்லை. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபத்தில் என் மனைவியிடம், இனி எவன் செத்தாலும் நான் போகமாட்டேன் என்று சொன்னேன். “சரி, போவாதீங்க,” என்று சொல்லிவிட்டு அவள் மறுநாள் டிபன் பாக்ஸைக் கட்டிக் கையில் கொடுத்தாள்.

நல்லதும் பார்த்தேன். இறக்கத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கடைக்காரம்மா இருந்தார். பெரிய சத்தம் கேட்டால் போதும், அடுப்பை அணைத்துவிட்டு, துவைத்த பழைய வேட்டியும் சேலையும் ஒரு கட்டாகத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்துவிடுவார். ரத்தத்தைத் துடைக்க, காயத்தைக் கட்ட, இறந்தவரை மூட. எதையும் திருப்பிக் கேட்டதில்லை. வாடிக்கையாளர்களிடமே பழந்துணி கேட்டு வாங்கி வைப்பாராம். இந்த அம்மா, அந்த வளையல்காரர், இரண்டு பேரும் இருக்கிற உலகம்தான் இது. ஆனால் நீ கேட்டதற்குப் பதில் சொல்ல, எது அதிகம் என்று பார்க்க வேண்டும். நல்லதுதான் அதிகம் என்பது என் கட்சி. என்னை அந்தக் கட்சியில் சேர்த்தது ஒரு வெங்காய லாரி.

அப்போது நான் உதவியாள்தான், கிரேனை வேறொருவர் ஓட்டினார். வெங்காயம் தங்கம் மாதிரி விற்றுக்கொண்டிருந்த சமயம். நல்ல மத்தியான வெயில். பெங்களூர்ப் பக்கமிருந்து இறங்கிய லாரி வளைவில் பிரேக் பிடிக்காமல் மலைப்பக்கத்துப் பாறையில் மோதியிருந்தது. முன் அச்சு முறிந்து, மூக்கு ஓரத்துப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. பின்பக்கம் மட்டும் சாலையில் நின்றது. மோதிய வேகத்தில் மூட்டைகள் முன்னால் சரிந்து கேபினின் பின்பலகையை நெட்டிக்கொண்டிருந்தன. பலகை சீட்டைத் தள்ள, சீட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவே ஓட்டுநர் மாட்டியிருந்தார். தனியாக வந்தவர், கிளீனர் இல்லை.

நான் பள்ளத்தில் இறங்கி, உடைந்த கண்ணாடி வழியாக அரை உடம்பை உள்ளே நுழைத்துக்கொண்டேன். கன்னடத்தில் பேர் கேட்டேன். மஞ்சுநாதா என்றார். சித்ரதுர்காவைத் தாண்டி ஒரு கிராமம். ஒரே மகள், பன்னிரண்டாவது படிக்கிறாள். அவளுக்கு உயிரியல் பிடிக்கும், அவள் அம்மாவுக்கு அவள் கல்யாணம்தான் பிடிக்கும் என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்தார், மூச்சு முட்டியது. ஆம்புலன்சில் வந்த பெண் பிள்ளை இன்னொரு பக்கமாகக் கையை நீட்டி அவர் கையில் ஊசி ஏற்றியது. தண்ணீர் கேட்டார். உதட்டை மட்டும் நனைக்கச் சொல்லிப் பஞ்சு கொடுத்தது அந்தப் பெண்.

அப்போது வண்டி மெல்லக் குலுங்கியது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஸ்டியரிங் அவர் நெஞ்சில் இன்னும் அழுந்துவதை நான் கண்ணால் பார்த்தேன். தலையை வெளியே எடுத்து மேலே பார்த்தால், பின்பக்கம் திருவிழா. யாரோ தார்ப்பாய்க் கயிற்றை அறுத்துவிட்டிருந்தார்கள். ஆணும் பெண்ணும் மூட்டைகளை இழுத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு குடும்பம் காரை ஓரங்கட்டி டிக்கியில் ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள் லத்தியோடு ஒரு பக்கம் விரட்டினால் கூட்டம் மறு பக்கம் வந்தது. பின்பக்கத்து எடை குறையக் குறைய, முன்பக்கம் பள்ளத்துக்குள் அமிழ்ந்துகொண்டிருந்தது. வெங்காயம் எடுக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் இந்த மனிதரை நசுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மஞ்சுநாதாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. மேலே காலடிச் சத்தம் மட்டும் கேட்டிருக்கிறது.

“யாரு பந்தித்தாரெ?” என்றார். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார்.

திருட வந்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வேன். ஊர் சனம் நமக்கு ஒத்தாசைக்கு வந்திருக்கிறது, மூட்டையை இறக்கி உங்களை வெளியே எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னேன். அந்த நிமிடத்தில் அது கலப்படமில்லாத பொய்.

“ஒள்ளே ஜன,” என்றார். நல்ல சனங்கள். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

சாமியண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சுற்றி முடித்து, வெள்ளைச் சட்டையை அப்போதுதான் மாட்டியிருந்தார். நேராகப் பின்பக்கம் போனார். போலீஸ்காரரிடம், “சார், அடிக்காதீங்க. எங்களுக்கு ஆளு வேணும். நாங்க நாலு பேரு இத்தன மூட்டைய எப்ப எறக்கறது,” என்றார். பிறகு, பைக்கில் இரண்டு மூட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்த ஒரு தடியான ஆளிடம் போனார்.

“தம்பி, உள்ள டிரைவரு இருக்காரு.”

“ஓடிட்டாருன்னாங்களே. செத்துட்டாருங்களா?”

“உசுரோட இருக்காரு. நீங்க பின்னாடி எடுக்க எடுக்க வண்டி முன்னாடி எறங்குது. அவர நசுக்குது.”

அந்த ஆள் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு முன்பக்கம் ஓடிவந்தார். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். மஞ்சுநாதா கண்ணைத் திறந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேபின் பாறைப் பக்கமாகப் பள்ளத்துக்குள் இருந்ததால், சாலையில் நின்றவர்களுக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. ஓட்டுநர் ஓடிப்போய்விட்டார் என்று எவனோ சொல்ல, ஆம்புலன்ஸ் வந்த பிறகும் எல்லோரும் அதையே நம்பியிருக்கிறார்கள். அந்த ஆள் மேலே ஏறிப்போய்க் கத்தினார். சாமியண்ணன் கத்தாததையெல்லாம் சேர்த்து அவர் கத்தினார்.

“ஏய், எவனும் பின்னாடி கை வைக்காதீங்கடா. உள்ள மனுசன் கெடக்கறான்.”

சத்தம் நின்றது. சாமியண்ணன் தன் சாதாரணக் குரலில் கேட்டார். “எடுத்ததுல கொஞ்சம் திருப்பிப் பின்னாடியே போடுங்க. எடை வேணும். அப்பறம் முன்னாடி இருக்கறத ஒவ்வொண்ணா எறக்கலாம்.”

சரவணா, நீ வீடியோவில் பார்க்காதது இதுதான். எடுத்தவர்கள் திருப்பிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். பைக்கிலிருந்து அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். கார்க்காரர் டிக்கியைத் திறந்து, மனைவியும் தானுமாக மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். பாதி தூரம் தலையில் சுமந்துகொண்டு போனவர்கள் திரும்பி வந்தார்கள். வண்டியின் பின்பக்கம் மெல்லச் சாலையில் அழுந்தி உட்கார்ந்தது. மஞ்சுநாதாவின் நெஞ்சிலிருந்து ஸ்டியரிங் ஒரு விரற்கடை விலகியது. அவர் இழுத்த மூச்சை நான் காதால் கேட்டேன்.

அதற்குப் பிறகு முன்பக்கத்து மூட்டைகள். அதுதான் கஷ்டம். வெயிலில் காய்ந்து முன்னால் சாய்ந்து கிடந்த மூட்டைகளின்மேல் ஏறி, கேபினுக்குப் பின்னால் நெருக்கியடித்துக் கிடந்தவற்றைக் குலுங்காமல் எடுக்க வேண்டும். பைக் ஆளும் இன்னும் சிலரும் மேலே ஏறினார்கள். முதல் மூட்டையை வாங்கக் கீழே யாரும் வரவில்லை, பள்ளத்துச் சரிவு பயமுறுத்தியது. பச்சைச் சேலை கட்டிய ஒரு அம்மா, களை வெட்டிவிட்டு வந்த மண்ணோடு, முந்தானையைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு போய் நின்றார். “எம்மேல வைங்க,” என்றார். அவர் சுமந்து சாலைக்கு ஏறியதைப் பார்த்த பிறகு ஆண்களுக்கு வெட்கம் வந்து வரிசை உண்டானது. கைமாறிக் கைமாறி மூட்டைகள் சாலையோரம் சேர்ந்தன. கடைக்காரம்மா குடத்தில் தண்ணீரோடு ஏறி வந்தார். நான் ஒவ்வொன்றையும் மஞ்சுநாதாவுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். இப்போது பொய் சொல்லத் தேவையிருக்கவில்லை.

பலகையின்மேல் இருந்த பாரம் போனதும் ஸ்டியரிங் தண்டில் சங்கிலியைச் சுற்றிக் கொக்கியில் மாட்டினோம். சாமியண்ணன் கையை உயர்த்தினார். உள்ளங்கை மேலே, விரல் மடக்கி, மெதுவாக, மெதுவாக. சங்கிலி முறுக்கேறும் சத்தம் ஒன்றைத் தவிர அந்தக் கணவாயில் வேறு சத்தமே இல்லை. அத்தனை கூட்டமும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டு முன்னால் வளைந்து வந்தது. முஷ்டி. கொக்கி நின்றது. நானும் ஆம்புலன்ஸ் பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் மஞ்சுநாதாவை வெளியே எடுத்தோம்.

அவர் பிழைத்தார் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இடது காலை முட்டிக்குக் கீழே எடுக்க வேண்டியதாயிற்று. ஊரில் சின்னக் கடை வைத்திருக்கிறார். உகாதிக்கு உகாதி போன் செய்வார். மகள் நர்ஸ் ஆகிவிட்டாள், கல்யாணமும் ஆயிற்று, அம்மா மகள் இரண்டு பேர் ஆசையும் நிறைவேறியது. ஒவ்வொரு முறையும், “அந்த சனங்களெல்லாம் சௌக்கியமா?” என்று கேட்பார். சௌக்கியம் என்பேன்.

நான் சொல்ல வந்தது அவரை ஸ்டிரெச்சரில் சாலைக்கு ஏற்றிய நேரத்தைப் பற்றி. நம்ம சனத்தை நான் தேவதூதர்களாக ஆக்கப் போவதில்லை. ஆள் வெளியே வந்துவிட்டார் என்று தெரிந்ததும் பாதிப் பேர் மறுபடியும் மூட்டையைத் தலைக்கு ஏற்றிவிட்டார்கள். பைக் ஆளும் தன் இரண்டு மூட்டையையும் பைக்கில் வைத்துக் கட்டிவிட்டார். மஞ்சுநாதா என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இவர்களால்தான் பிழைத்தேன், நான் சொன்னதாக அவர்களிடம் சொல் என்றார் கன்னடத்தில். ஆம்புலன்ஸ் படியில் ஏறி நின்று தமிழில் சத்தமாகச் சொன்னேன்.

“உங்களாலதான் பொழச்சேன்னு சொல்றாருங்க.”

அவர் படுத்தபடியே, ஊசிக் குழாய் தொங்க, இரண்டு கையையும் சேர்த்துக் கூட்டத்தைக் கும்பிட்டார்.

கும்பிட்டவரைத் திருப்பிக் கும்பிடாமல் நிற்க நம் ஆட்களுக்கு வராது. கும்பிடுவதற்கு இரண்டு கையும் வேண்டும். தலையிலிருந்த மூட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. கார்க்காரர் கும்பிட்டார். லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போலீஸ்காரர் கும்பிட்டார். ஆம்புலன்ஸ் வளைவில் மறையும்வரை யாரும் கையை இறக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பிறகு கூட்டம் கலைந்தது. பைக் ஆள் என்னிடம் வந்து, “அவரு பேரு என்னங்கண்ணா?” என்றார். சொன்னேன். கயிற்றை அவிழ்த்து இரண்டு மூட்டையையும் குவியலில் போட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். சிலர் அப்படிப் போனார்கள். சிலர் மூட்டையோடு போனார்கள்.

பச்சைச் சேலைக்கார அம்மா மட்டும் தான் இறக்கி வைத்த மூட்டையின் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கழுத்து வியர்வையில் வெங்காயச் சருகு ஒட்டியிருந்தது. நான் அந்தப் பக்கம் போனதும் என்னைப் பார்த்தார்.

“எடுத்துக்கட்டுங்களா?”

என் வெங்காயமா, என் லாரியா. சாமியண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் சங்கிலியைச் சுருட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

“எடுத்துக்கோங்கம்மா,” என்றேன். குனிந்து ஒரு பக்கம் பிடித்து, மூட்டையை அவர் தலைக்குத் தூக்கிவிட்டேன்.